மாட்டுக்குப் போட்ட ஊசி, மனிதர்களுக்கு வந்த சாவு: கழுகுகள் அழிந்த கணக்கை யார் தீர்ப்பது?

2025 ஆகஸ்ட் மாதம் நாடு முழுக்க ஒரே பேச்சு, தெருநாய். டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினோரு நாளில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றானது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கட்சிகள் உருவாகி, பல குழுக்களில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இத்தனை சண்டையிலும் ஒரு பெயர் பெரும்பாலும் வரவே இல்லை. கழுகு.

நாய்க்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. அந்தச் சம்பந்தத்தை ரூபாய், உயிர் என்று கணக்குப் போட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2024-ல் பொருளாதாரத் துறையின் முன்னணி இதழ்களில் ஒன்றான ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வெளியானது. எழுதியவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயால் ஃபிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன். இந்தியாவில் கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்களின் கணிப்பு. அதாவது வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்.

எண் பெரியதாக இருக்கிறதே என்று சந்தேகம் வருவது நியாயம்தான். அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பார்ப்பதற்கு முன், கதையின் முதல் பகுதி.

எந்தக் கழுகு?

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. வானத்தில் வட்டமடிக்கும் பெரிய பறவை எல்லாவற்றையும் ‘கழுகு’ என்று சொல்லிவிடுகிறோம். பாம்பைத் தூக்கும் கழுகு வேறு, செத்த மாட்டைத் தின்னும் கழுகு வேறு. இரண்டாவதைத்தான் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். அந்தப் பெயரில் ஒரு அருவருப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால், பறவை ஆர்வலர்கள் ‘பாறு’ என்ற பழைய சொல்லைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் வந்து, அர்ச்சகர் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போகும் இரண்டு கழுகுகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். அந்த வருகை 1990-களின் கடைசியில் நின்றுபோனது. வட இந்தியாவில் வேறு வகைப் பாறுகள் ஆயிரக்கணக்கில் மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த காலமும் அதுதான்.

கிராமத்தில் மாடு செத்தால் என்ன செய்வார்கள்? தோலை உரித்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாகப் போடுவார்கள். மற்றதைக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். ஒரு கூட்டம் இறங்கினால் முக்கால் மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும்தான் மிச்சம். அதன் வயிற்று அமிலம் அவ்வளவு வீரியமானது. அழுகல் இறைச்சியில் இருக்கும் பல கிருமிகள் அதற்குள் பிழைப்பதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மாடும் எருமையும் சேர்ந்தே சுமார் 30 கோடி. பெரும்பாலானோர் மாட்டிறைச்சி சாப்பிடாத நாடு என்பதால், வயதாகிச் செத்து விழும் மாடுகள் அதிகம். அத்தனைக்கும் சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்களாக இருந்தவை இந்தப் பறவைகள். 1980-களில் கோடிக்கணக்கில் இருந்தன. அதனால்தானோ என்னவோ, யாரும் அவற்றை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். 1980-களில் அங்கே நூற்றுக்கணக்கான வெண்முதுகுப் பாறு கூடுகளைக் கணக்கெடுத்தவர், 1990-களின் நடுவில் திரும்பிப் போனபோது பாதிக்கும் மேல் காணவில்லை. மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தன. பிறகு கீழே விழுந்து செத்தன. சில வருஷங்களில் அந்தச் சரணாலயத்தில் ஒரு கூடும் மிஞ்சவில்லை.

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் அழிந்தன. ஆயிரத்தில் ஒன்று தப்பியது. ஒரு பறவையினம் இவ்வளவு வேகமாக விழுந்ததற்கு அண்மை வரலாற்றில் உதாரணம் மிகக் குறைவு.

குற்றவாளி நம் வீட்டு மருந்து டப்பாவிலும் இருக்கிறது

முதலில் ஏதோ வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். பூச்சிக்கொல்லியாக இருக்குமோ என்றும் தேடினார்கள். விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் அங்கே செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம். அது யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் செயலிழந்தால்தான் அப்படி ஆகும். கால்நடைகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று மருந்துக் கடைக்காரர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்று அதில் பொருந்தியது ஒன்றே ஒன்று. டைக்ளோஃபினாக். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் நாமே போட்டுக்கொள்ளும் அதே மருந்து. 2004-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

1990-களில் இந்த மருந்து மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கால்நடைகளுக்கும் தாராளமாகப் போட ஆரம்பித்தார்கள். மடிவீக்கம், நொண்டல், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. மாட்டுக்கு நிஜமாகவே நிம்மதி கிடைத்தது. விவசாயி மேல் இதில் எந்தத் தப்பும் இல்லை. வலியில் கத்துகிற மாட்டை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால், அதன் உடலில் மிச்சமிருக்கும் மருந்தைச் சேர்த்துத் தின்ற பாறு சில நாட்களில் செத்தது.

எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருந்தால்தானே எல்லாக் கழுகும் சாகும் என்று கேட்கலாம். தேவையே இல்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று அதே 2004-ல் கணித மாதிரிகள் காட்டின. ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது, நூறு பாறுகள் உட்காரும். நச்சுள்ள ஒரே ஒரு பந்தி போதும், கூட்டமே காலி. மீண்டு வருவதோ மெதுவாகத்தான் நடக்கும். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பெரிதாகி இனப்பெருக்கம் செய்ய ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும்.

5 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஃபிராங்க் - சுதர்சன் ஆய்வின் யோசனை எளிமையானது. இந்தியாவில் எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவு பாறுகள் இருந்ததில்லை. சில மாவட்டங்களின் நிலமும் பருவநிலையும் அவற்றுக்கு ஏற்றவை. சில ஏற்றவை அல்ல. பாறுகளே அதிகம் இல்லாத மாவட்டத்தில், அவை அழிந்ததால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. ஆக, இரண்டு வகை மாவட்டங்களின் இறப்பு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன், வந்த பின் என்று ஒப்பிட்டார்கள்.

முன்பு இரண்டும் ஒரே போக்கில் போய்க்கொண்டிருந்தன. 1990-களின் நடுவிலிருந்து பாதை பிரிந்தது. பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் கூடியது. கால்நடைகள் அதிகமாக இருந்த நகர்ப்புறப் பகுதிகளில் பாதிப்பு இன்னும் கடுமை. சடலங்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இடமே இல்லாத இடங்கள் அவை.

அதோடு விடவில்லை. சாவு கூடியிருந்தால் அதற்கான வழி தெரிய வேண்டுமே என்று தேடினார்கள். அந்த மாவட்டங்களில் வெறிநாய்க்கடி தடுப்பூசி விற்பனை ஏறியிருந்தது. தெருநாய் எண்ணிக்கையும் ஏறியிருந்தது. ஆற்று நீரில் மலக்கிருமிகளின் அளவும் கூடியிருந்தது. கழுகு விட்டுவைத்த இறைச்சி நாய்க்கும் எலிக்கும் போனது. மிச்சம் அழுகி வாய்க்காலிலும் ஆற்றிலும் கலந்தது. இந்த இழப்பைப் பணமாக மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,900 கோடி டாலர் என்கிறது ஆய்வு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அந்த 5 லட்சம் பேரின் இறப்புச் சான்றிதழிலும் ‘கழுகு இல்லாததால்’ என்று எழுதியிருக்காது. இது புள்ளிவிவரக் கணிப்பு. 1990-கள் இந்தியாவில் எல்லாமே மாறிய காலம். சாலை, வேலை, நகரம், மருத்துவம் எதுவும் அப்படியே நின்றுவிடவில்லை. அதில் ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுப்பது எளிதல்ல, அதனால் சரியான எண் 5 லட்சமா, 3 லட்சமா என்று அறிஞர்கள் வாதாடலாம். ஆனால் 2008-லேயே அனில் மார்க்கண்டேயாவும் சகாக்களும் முற்றிலும் வேறு வழியில், நாய்களின் பெருக்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியால் மட்டும் சுமார் 48,000 கூடுதல் மரணங்கள் என்று அவர்களுக்கு விடை வந்தது. வழி வேறு, எண் வேறு, திசை ஒன்றுதான். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் இது ஒரு பெரும் விபத்து. யார் மேலும் வழக்குப் பதியப்படாத விபத்து.

இதே இயால் ஃபிராங்க் அதே 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார். அமெரிக்காவில் ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் செத்த மாவட்டங்களில், பூச்சிகளைத் தின்ன ஆளில்லாமல் போக, விவசாயிகள் பூச்சிக்கொல்லித் தெளிப்பை 31 சதவீதம் கூட்டினார்கள். அங்கே சிசு மரணம் சுமார் 8 சதவீதம் கூடியது. யாருக்கும் பிடிக்காத பிராணிகளுக்கு இப்படியொரு பொருளாதார நிபுணர் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். புலிக்கும் யானைக்கும் போஸ்டர் அடிக்க ஆள் இருக்கிறது. மொட்டைத் தலையும் அழுக்கு இறகுமாக இருக்கும் பாறுக்கு யார் அடிப்பார்?

தடை இருக்கு, ஊசியும் இருக்கு

மத்திய அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்புக்குத் தடை வந்தது. காரணம் தெரிந்து இரண்டே வருஷத்தில் தடை என்பது நம் வேகத்துக்கு நல்ல வேகம். ஆனால் மனிதர்களுக்கான மருந்து தொடர்ந்தது. அதை 30 மில்லி பெரிய குப்பிகளில் விற்றார்கள். மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பிறகு 30 மில்லி யாருக்கு? எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2015-ல் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-ல் நீதிமன்றம் அந்த விதி சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு இடம் இது.

சரி, முடிந்ததா? இல்லை. டைக்ளோஃபினாக் போன இடத்துக்கு அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் வந்தார்கள். அசெக்ளோஃபினாக் என்று ஒன்று, மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்ப் பலகையை மாற்றிய அதே கடை. கீட்டோபுரோஃபென் என்று இன்னொன்று. இரண்டுக்கும் தடை வந்தது 2023-ல். நிமசுலைடுக்கு 2024 கடைசியில். டைக்ளோஃபினாக்கைக் கண்டுபிடித்து முழுதாக இருபது வருஷம் ஆகியும், ஒவ்வொரு மருந்தாகத் துரத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2012 முதல் 2018 வரை ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தபோது, தடை செய்யப்பட்ட டைக்ளோஃபினாக்கையே இந்தியக் கடைகளில் எடுத்துக் கொடுத்தார்கள்.

திருத்த வேண்டியது இந்த வரிசையைத்தான். இப்போது ஒரு மருந்து முதலில் சந்தைக்கு வருகிறது, பறவை சாகிறது, ஆய்வாளர் பல வருஷம் உழைத்து நிரூபிக்கிறார், பிறகு தடை. நிரூபிக்கும் பொறுப்பு, விற்கும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். கால்நடைக்கு ஒரு வலிநிவாரணிக்கு அனுமதி கேட்கும்போதே, அது பாறுகளைக் கொல்லாது என்பதற்கான சோதனை முடிவையும் சேர்த்துக் கொடு என்று கேட்பதில் என்ன தப்பு? மனிதனுக்குத் தரும் மருந்துக்கு இப்படித்தானே கேட்கிறோம்?

அழியும் பறவை மேல் சோதனை செய்வதா என்று ஒரு ஆட்சேபம் எழும். மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தை 2006-ல் பரிசோதித்தவர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஆபத்து குறைந்த உறவினப் பறவையான ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறுகளில் தொடங்கி, பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகே மெல்ல ஆசிய இனங்களுக்கு வந்தார்கள். செலவாகும், நாளாகும் என்பார்கள். ஆகட்டும். ஆண்டுக்கு 6,900 கோடி டாலர் என்ற அந்த எண்ணின் பயன் இந்த இடத்தில்தான். சோதனைச் செலவை எதோடு ஒப்பிடுவது என்று அது சொல்லிக்கொடுக்கிறது.

விவசாயியின் தரப்பில் ஒரு குறை உண்டு, அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மெலாக்சிகாம் ஆரம்பத்தில் விலை அதிகமாக இருந்தது. பழைய ஊசி அளவுக்கு உடனே கேட்கவில்லை என்ற புகாரும் உண்டு. இப்போது பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன. டோல்ஃபெனாமிக் அமிலம் என்று இன்னொரு பாதுகாப்பான மருந்தும் வந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வருவதற்கு நாலு மணி நேரம் ஆகும் ஊரில், மெடிக்கல் ஷாப்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. அவர் அலமாரியில் சரியானது, சரியான விலையில் இருக்க வேண்டும். போலீஸ் போட்டு இதைச் சாதிக்க முடியாது. மானியம் கொடுத்தால் முடியலாம்.

பழையபடி தெருநாய்க்கு

இந்தியாவில் இப்போது ஆண்டுக்கு 5,726 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆய்வு மதிப்பிடுகிறது. முந்தைய மதிப்பீடுகள் 18,000, 20,000 என்றெல்லாம் இருந்தன. தடுப்பூசியும் விழிப்புணர்வும் வேலை செய்திருக்கின்றன, நல்ல செய்தி. ஆனாலும் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாருமே பிழைக்காத நோய் இது. 5,726 என்பது சின்ன எண் இல்லை.

நாய்கள் பெருகியதற்குக் கழுகு அழிந்தது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. கறிக்கடைக் கழிவு, ஹோட்டல் குப்பை, மூடாத தொட்டி எல்லாம் சேர்ந்ததுதான். கழுகு திரும்பி வந்தால் வேளச்சேரியில் நாய் குறைந்துவிடும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் நாயைப் பிடிப்பதா, விடுவதா என்று மட்டும் நீதிமன்றத்தில் நின்று பேசும்போது, நாய்க்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கீழே விழுந்துவிடுகிறது. வீதியில் இறைச்சி கிடக்கும்வரை அதைத் தின்ன ஏதாவது ஒன்று வரும். முன்பு வந்தது கடிக்காது.

மும்பையில் ஒரு சமூகம் இதை நேரடியாகவே அனுபவித்தது. பார்சிகள் இறந்தவரின் உடலை மலபார் ஹில்லில் உள்ள மௌன கோபுரத்தில் பாறுகளுக்கு வைப்பார்கள். பாறுகள் வராமல் போனதும், உடல்களை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அங்கே பொருத்தினார்கள். நூற்றாண்டுகளாக ஒரு பறவை செய்த வேலைக்கு இன்ஜினீயரிங் மாற்று. மழைக்காலத்தில் அதுவும் சரியாக வேலை செய்வதில்லை.

ஹரியானாவின் பிஞ்சோர் போன்ற இனப்பெருக்க மையங்களில் பாறுகளை வளர்த்து வெளியே விடுகிறார்கள். தென்னிந்தியாவில் காட்டுப் பாறுகள் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நீலகிரியின் அடிவாரம். முதுமலை, மோயாறு, பந்திப்பூர், வயநாடு என்று மூன்று மாநிலங்கள் சந்திக்கும் காடு. எல்லாம் சேர்த்தும் சில நூறு பறவைகள்தான். லாங் வீக்கெண்டுக்கு மசினகுடி போகிறவர்கள் யானைக்காகச் சாலையைப் பார்ப்பார்கள். ஒருமுறை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தால், இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் ஒன்றிரண்டு கண்ணில் படலாம்.

மோயாற்றங்கரையின் நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. ஒரு முட்டை. தாயும் தந்தையும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சு பறக்கும்வரை ஒன்று காவல் இருக்க, மற்றொன்று இரை தேடிப் போகும். காட்டின் எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். சரணாலயத்தைத் தாண்டி, பட்டிகளும் பால் சொசைட்டிகளும் உள்ள கிராமங்களின் மேல் அது பறக்கும்போது, கீழே செத்துக் கிடக்கும் மாட்டுக்குக் கடைசியாகப் போட்ட ஊசி மெலாக்சிகாமா, வேறொன்றா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.